கீழிருந்து வடிப்பதா, மேலிருந்து உறிஞ்சுவதா?

எங்கள் வீட்டு வாசலில், கோலம் போடும் இடத்துக்குச் சரியாக நடுவில், தோசைக்கல் அளவுக்கு ஒரு கறை இருக்கிறது. வந்து ஆறு வருடமாகிறது. காருக்கு முதல் முறையாக நானே ஆயில் மாற்றிய நாளின் ஞாபகார்த்தம். அதையே நடுப்பூவாக வைத்துக் கோலம் போட என் மனைவி பழகிவிட்டாள். ஆனாலும் நான் பானட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், ஜன்னலில் ஒரு முகம் தெரியும்.

அன்று நடந்தது இதுதான். எஞ்சினுக்கு அடியில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டைப் பற்றி ஒரு வாரம் யோசித்து வைத்திருந்தேன். என்ன சைஸ் ஸ்பானர், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், பேசினை எங்கே வைக்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். அந்தப் பகுதி ஒரு சொட்டு சிந்தாமல் முடிந்தது. அப்புறம் ஃபில்டரைத் திருகினேன். அது பக்கவாட்டில் படுத்தபடி இருக்கும் ரகம். முக்கால் சுற்று இளகியதுமே அதன் வாயோரம் கசிந்த ஆயில் எஞ்சின் மேல் வழிந்து, கீழே இருந்த குறுக்குச் சட்டத்தில் ஓடி, பேசினுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் இறங்கியது. ஒரு டம்ளர்தான் இருக்கும். ஒரு டம்ளர் கறுப்பு ஆயில் சிமெண்ட் தரையில் எவ்வளவு தூரம் போகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

அதனால், "கீழே படுத்து வடிக்கலாமா, பம்ப் வைத்து மேலே உறிஞ்சலாமா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் காரில் ஃபில்டர் எங்கே இருக்கிறது? ஆயிலை எந்த வழியாக எடுப்பது என்பதை முடிவு செய்வது அதுதான். பானட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் ஃபில்டர் இருந்தால் காருக்கு அடியில் போகாமலே முழு வேலையையும் முடித்துவிடலாம். கீழிருந்துதான் எட்டும் என்றால், பம்ப் வாங்கினாலும் படுத்தே ஆக வேண்டும். படுத்துவிட்ட பிறகு போல்ட்டைக் கழற்ற இன்னும் இரண்டு நிமிடம், அவ்வளவுதான்.

ஃபில்டரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தகர டப்பா மாதிரி முழுதாகத் திருகிக் கழற்றித் தூக்கிப் போடுவது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இதுதான். இன்னொன்று கார்ட்ரிட்ஜ். எஞ்சினோடு சேர்ந்த ஒரு கூடு இருக்கும். அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் காகித ஃபில்டரையும் ரப்பர் வளையத்தையும் மட்டும் மாற்ற வேண்டும். ஸ்விஃப்ட், டிசையர் டீசலில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினில் இந்த வகைதான். பல ஜெர்மன் கார்களில் இந்தக் கூடு மேலேயே நிமிர்ந்து நிற்கும். அப்படி நின்றால் யோகம். மூடியைச் சில சுற்று தளர்த்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், கூட்டில் இருக்கும் ஆயில் பெரும்பாலும் கீழே இறங்கியிருக்கும். சுற்றி ஒரு பழைய துணி, வேலை முடிந்தது.

தகர டப்பாவிலும் வாய் மேலே பார்த்து நேராகத் தொங்குவது தொல்லை குறைந்தது. கழற்றிய பிறகு சாய்க்காமல் பிடித்தால் உள்ளே இருப்பது உள்ளேயே நிற்கும். படுத்திருப்பதும் சாய்ந்திருப்பதும்தான் வில்லங்கம். அதற்கு வைத்தியம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சரி, முதல் வழி. காரைத் தூக்கி, அடியில் போய், போல்ட்டைக் கழற்றி வடிப்பது. காலகாலமாக எல்லா மெக்கானிக்கும் செய்வது. ஆயில் முழுதாக இறங்குவது இதில்தான். சேம்பரின் (எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் தங்கியிருக்கும் மண்டியும், அபூர்வமாக ஏதாவது இரும்புத் துகள் இருந்தால் அதுவும் ஆயிலோடு சேர்ந்து வெளியே வரும். போல்ட்டின் முனையைப் பார்த்தே எஞ்சினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இதில் செலவு ஸ்பானருக்கு இல்லை, காரைத் தூக்குவதற்குத்தான். ஸ்விஃப்டின் அடிப்பகுதி தரையிலிருந்து 163 மில்லிமீட்டர், கிரெட்டாவுக்கு 190. என் தொந்தியோடு இரண்டிலும் நுழைய முடியாது, ஒல்லியானவர்கள் நுழைந்தாலும் ஸ்பானரைத் திருப்ப இடமிருக்காது. டிக்கியில் கொடுத்திருக்கும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை நம்பி ஒரு கையைக்கூட அடியில் நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் அதைவிட மோசம். பார்க்கத் திடமாக இருக்கும், ஒரு முனையில் பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துவிடும். முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் இரும்பு ரேம்ப் ஒரு ஜோடி, அல்லது ஜாக்கியோடு நல்ல ஸ்டாண்டு இரண்டு. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் கீழே படுக்காதீர்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டுவிட்டுத்தான் குனிய வேண்டும். எனக்கு ரேம்ப்தான் பிடிக்கிறது. ஏற்றும்போது யாராவது முன்னால் நின்று கை காட்ட வேண்டும் என்பதைத் தவிர அதில் யோசிக்க எதுவும் இல்லை.

இந்த வழியில் ஆயில் சிந்துவது மூன்று தருணங்களில். போல்ட் கடைசி மரையிலிருந்து விடுபடும் நொடி முதலாவது. சூடான ஆயில் நேராக விழாது, பக்கவாட்டில் ஒரு சாண் தூரம் பீய்ச்சும். அளவு குறையக் குறைய அந்தத் தாரை பின்வாங்கி, கடைசியில் சேம்பரின் அடியை ஒட்டியபடி வழியத் தொடங்கும். பேசினை ஒரே இடத்தில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தால் முதலில் அந்தப் பக்கமும் கடைசியில் இந்தப் பக்கமும் தரைக்குப் போகும். இரண்டாவது, காற்று. நூலாக இறங்கும் ஆயிலைச் சாயங்காலக் காற்று இழுத்துக்கொண்டு போய் டயர் மேல் தெளிக்கும். காலையில் செய்வது நல்லது. மூன்றாவது, கை வழுக்கி போல்ட் பேசினுக்குள் விழுவது. விழுந்தால் விழட்டும், அதைப் பிடிக்கப் போய்த்தான் முழங்கை வரை குளிப்போம்.

எவ்வளவு சூட்டில் வடிப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண 5டபிள்யூ-30 ரக எஞ்சின் ஆயில் 40 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கெட்டியாகத்தான் 100 டிகிரியில் இருக்கும். அதனால் சூடாக இருந்தால் சீக்கிரம் வடியும் என்பது உண்மை. ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்த கையோடு கழற்றினால் கை வெந்துவிடும், தாரையும் வெகுதூரம் பாயும். தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டு, சேம்பரைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் சூடு இருக்க வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாக வடியும், வடியட்டுமே.

பேசினுக்குப் பதில் 15 கிலோ சமையல் எண்ணெய் டின்னைப் படுக்க வைத்து, மேல் பக்கத்தை வெட்டி எடுத்தால் அருமையான ட்ரே கிடைக்கும். வெட்டிய விளிம்பை உள்பக்கமாகத் தட்டி மடக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரத்தமும் ஆயிலும் கலந்து வடியும். அதைவிட முக்கியம் அதற்குக் கீழே விரிப்பது. செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், ஒரு நிமிடத்தில் ஊறித் தரைக்கு விட்டுவிடும். பழைய ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஈடாக ஒன்றும் இல்லை. நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று ஒரு ஃப்ளெக்ஸுக்கும் பஞ்சமில்லை. நான்கு ஓரத்தையும் மடித்து அடியில் கட்டை கொடுத்தால் ஆழமில்லாத தொட்டி மாதிரி ஆகிவிடும். எட்டுக்கு ஆறு அடி போதும். அதன் மேல் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். சொட்டுகளை அட்டை குடிக்கும், முதுகும் வழுக்காது. என்னிடம் இருப்பது மாமா பையன் கல்யாண ஃப்ளெக்ஸ். மணமக்கள் முகத்தைத் தரைப் பக்கம் வைத்துத்தான் விரிப்பேன்.

போல்ட்டை மறுபடி மாட்டும்போது புது வாஷர். ஐந்து பத்து ரூபாய் சமாச்சாரம், இதில் சிக்கனம் பார்ப்பவர்கள்தான் அடுத்த வாரம் வாசலில் சொட்டு சொட்டாகக் கறை எண்ணுகிறார்கள். கையால் நான்கைந்து சுற்று போன பிறகே ஸ்பானர். 17 எம்எம் தலையுள்ள போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் கேட்கும் கார்கள் உண்டு. ஓரடி நீள ஸ்பானரின் நுனியில் பதின்மூன்று கிலோ தொங்கினால் வரும் இறுக்கம் அது. உங்கள் காருக்கு எவ்வளவு என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினால் அலுமினிய சேம்பரில் மரை போய்விடும். அப்புறம் மிச்சம் பிடித்த லேபர் காசைப் போல பல மடங்கு அதற்கு அழ வேண்டும்.

இரண்டாவது வழி, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருக்கும் குழாய் வழியாக ஒரு மெல்லிய பைப்பை விட்டு ஆயிலை மேலேயே உறிஞ்சி எடுப்பது. கையால் அடிக்கும் வாக்குவம் பம்ப் ஒரு சின்ன குடம் மாதிரி இருக்கும். பத்திருபது முறை அடித்துவிட்டு விட்டால் தானாக இழுத்துக்கொண்டே இருக்கும், ஆயில் அதன் வயிற்றிலேயே சேரும். தரையில் சிந்த வாய்ப்பே இல்லை. காரைத் தூக்க வேண்டாம், அடியில் பாதுகாப்புக்கு பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால் அதன் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், மரை போகும் பயம் இல்லை. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் பம்ப்களும் விற்கிறார்கள். விலை குறைவு, ஆனால் ஆயில் சூடாக இல்லாவிட்டால் திணறிப் போய்ச் சூடேறி நின்றுவிடும். என் ஓட்டு கைப்பம்புக்குத்தான். இந்த முறைக்கு மட்டும் ஆயில் கொஞ்சம் நல்ல சூட்டிலேயே இருக்கலாம், அந்தப் பென்சில் பருமன் பைப்பில் ஆறிய ஆயில் ஏற மறுக்கும்.

இதைக் கேட்டதும் பழைய மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். "அடியில் இருக்கும் மண்டி எப்படி வரும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஆயில் சூடாகிச் சுற்றி ஓடும்போது அழுக்கில் பெரும்பகுதி அதிலேயே மிதந்துகொண்டிருக்கும். காலாகாலத்தில் மாற்றி வரும் எஞ்சினில் தனியாக மண்டி என்று பெரிதாகச் சேராது. மெர்சிடிஸ் போன்ற கார்களின் சர்வீஸில் மேலிருந்து உறிஞ்சுவது சாதாரண வழக்கம். நிஜமான சிக்கல் வேறு. டிப்ஸ்டிக் குழாய் எல்லாக் காரிலும் சேம்பரின் ஆழமான மூலைக்குப் போவதில்லை. சிலவற்றில் உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் பைப் முட்டிக்கொண்டு நின்றுவிடும். சில நவீன கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, ஆயில் அளவை ஸ்கிரீனில்தான் காட்டும்.

பம்ப் வாங்கினால் முதல் தடவை ஒரு சோதனை செய்யுங்கள். முழுதாக உறிஞ்சி முடித்த பிறகு, எப்படியாவது கீழே போய் போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். சில சொட்டு வந்தால் இனி வாழ்நாள் முழுக்க அந்தக் காருக்குப் பம்ப் போதும். என் நண்பரின் டீசல் காரில் இரண்டு ஸ்பூன்கூட வரவில்லை. என் காரில் கிட்டத்தட்ட ஒரு பெரிய டம்ளர் வந்தது. ஃபில்டரோடு மாற்றினால் 3.6 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் அது அலட்சியப்படுத்தும் அளவு இல்லை. போதாததற்கு என் காரின் ஃபில்டர் கீழே, போல்ட்டுக்குப் பக்கத்தில். எனக்குப் பம்ப் ஒத்துவராது என்று அன்றே தெரிந்துவிட்டது. இப்போது அதைத் தங்கையின் காருக்கும் வீட்டு ஜெனரேட்டருக்கும் பயன்படுத்துகிறேன்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ட்ரெயின் போல்ட்டை ஒருமுறை கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குட்டி வால்வை நிரந்தரமாக மாட்டிவிடுவது. ஜப்பானின் ஃபூமோட்டோ வால்வுதான் இதில் பேர்போனது. ஜெர்மனியின் ஸ்டால்புஸ் வேறு மாதிரி, மூடியைக் கழற்றி ஒரு குழாயைத் திருகினால்தான் திறக்கும். ஃபூமோட்டோவில் கேஸ் அடுப்புக் குழாய் மாதிரி நெம்புகோலைக் கால் சுற்று திருப்பினால் ஆயில் இறங்கும். வால்வின் மூக்கில் பைப்பைச் செருகி மறுமுனையைக் கேனுக்குள் விட்டுவிட்டால் பேசினும் வேண்டாம், பீய்ச்சலும் இல்லை. ஸ்பானர் வேலை இல்லாததால் மரை போகும் பேச்சும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. உங்கள் சேம்பரின் மரை அளவுக்குப் பொருந்தும் வால்வைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். வால்வின் கழுத்து உள்ளே சற்று நீண்டிருப்பதால் கொஞ்சம் ஆயில் தங்கும். பெரிய கவலை நம் வேகத்தடைகள். போல்ட் சேம்பரின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருந்தால் பயமில்லை. நேர் அடியில் கீழே பார்த்து இருந்தால், வால்வு இன்னும் ஓர் அங்குலம் கீழே தொங்கும். சாலையில் மேட்டையும் அளவையும் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டு வைத்திருக்கும் ஊரில் அந்த ஓர் அங்குலத்தை நான் கொடுக்க மாட்டேன். என் காரில் போல்ட் பக்கவாட்டில் இருக்கிறது, நெம்புகோல் தானாகத் திரும்பாமல் இருக்க ஒரு கிளிப்பும் போட்டிருக்கிறேன். மூன்று வருடமாகிறது, ஒரு கசிவு இல்லை.

நான்காவது வழியையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு சரியாக இருக்காது. ஆயில், ஃபில்டர், வாஷர் மூன்றையும் நீங்களே வாங்கிக்கொண்டு போய், பக்கத்து வாட்டர் சர்வீஸிலோ தெரிந்த மெக்கானிக்கிடமோ கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்து மாற்றுவது. லேபர் சில நூறு ரூபாய். சிந்தினால் அவர் தரை. பழைய ஆயில் அவர் டிரம்முக்குப் போகும். நீங்களே செய்வதால் பெரிதாகப் பணம் மிஞ்சும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரேம்ப், பம்ப், ஃபில்டர் ரிஞ்ச் எல்லாம் வாங்கிய காசு திரும்ப எத்தனையோ ஆயில் மாற்ற வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அல்லது வருடத்துக்கு ஒரு முறை வரும் வேலை இது. உள்ளே என்ன ஊற்றப்படுகிறது, ஃபில்டர் நிஜமாகவே மாறியதா என்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் லாபம். அந்த லாபம் பக்கத்தில் நின்றாலும் கிடைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில், ஸ்டில்ட் பார்க்கிங்கில், சங்கச் செயலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் இடத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாரன்டியில் இருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

இப்போது அந்தப் படுத்த ஃபில்டருக்கு வருவோம். ஆயில் முழுதாக வடியும் வரை அதைத் தொடாதீர்கள். வடிந்த பிறகு ஒரு தடிமனான பிளாஸ்டிக் பையை ஃபில்டரின் மேல் தலைகீழாகச் சொருகி, பைக்கு வெளியே இருந்தே பிடித்துத் திருக வேண்டும். கசிவது பைக்குள் விழும், கழன்றதும் ஃபில்டரும் பைக்குள்ளேயே விழும். முடிச்சுப் போட்டுவிடலாம். துணிக்கடைக் கட்டைப்பைக்குள் ஒரு பால் கவரைச் சொருகினால் பிரமாதம். அலுமினியம் ஃபாயிலை நான்காக மடித்து ஃபில்டருக்குக் கீழே ஒரு வாய்க்கால் மாதிரி வளைத்து டின் வரை கொண்டு போவது இன்னொரு தந்திரம். குறுக்குச் சட்டம் நடுவில் இருக்கும் கார்களுக்கு இதுதான் கைகொடுக்கிறது. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கப் மாதிரி பிடிப்பதைப் பலர் சொல்வார்கள். ஆறிய ஆயிலுக்குச் சரி, ஆனால் அந்த பிளாஸ்டிக் 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சூடான ஆயிலோடு அது கையிலேயே சுருங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவரைச் சுத்தியலால் அடித்து ஃபில்டரைக் குத்தித் திருப்பும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. கடைசிக் கட்ட வைத்தியம் அது. தகரம் கிழிந்துகொண்டே போய், ஃபில்டர் மட்டும் அசையாமல் நிற்பதும் உண்டு. ஆயில் கையில் பட்டு வழுக்கினால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள், நன்றாகக் கவ்வும். அதற்கும் மசியாவிட்டால் பெல்ட் ரிஞ்ச்.

பழைய ஃபில்டர் கழன்றதும் அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரின் வளையமும் உட்கார்ந்தால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம் ஏறி, இரண்டு வளையத்துக்கும் நடுவில் பிதுங்கி, நிமிடக் கணக்கில் மொத்த ஆயிலும் வெளியே வந்துவிடும். என் வாசல் கறையெல்லாம் அதற்கு முன்னால் வெறும் திருஷ்டிப் பொட்டு. புது வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று. ரிஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான், மாட்டுவதற்கு இல்லை.

ஊற்றும்போது முழு அளவையும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். அரை லிட்டர் பாக்கி வைத்து, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேர்க்கலாம். காரை ரேம்ப்பிலிருந்து இறக்கிச் சமதளத்தில் நிறுத்திய பிறகுதான் அந்த அளவு செல்லும். கேனின் வாய் மேல்பக்கம் வரும்படி படுக்கவைத்து ஊற்றினால் குபுக் குபுக்கென்று துள்ளாமல் சீராக இறங்கும். புனலை விட இது எனக்கு நம்பிக்கையான வழி.

பழைய ஆயில் கையில் இருக்கிறதே, அதுதான் மிச்சமிருக்கும் அசிங்கம். 2016-ஆம் வருட விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. தயாரிப்பாளர்களே பொறுப்பேற்று மறுசுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நம் தெருவில் நடப்பது வேறு. சென்ட்ரிங் பலகையில் பூச ஒருவர் கேட்பார், கரையானுக்கு ஊற்ற ஒருவர் கேட்பார், வேலிக்கால் நடுபவர் ஒருவர் கேட்பார். நானும் ஒருமுறை கொடுத்திருக்கிறேன். மழை பெய்ததும் அது எங்கே போகும் என்று யோசித்த பிறகு கொடுப்பதில்லை. பயன்படுத்திய எஞ்சின் ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிப் பார்த்த சோதனைகளில் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது. கையுறை போடுவது பந்தாவுக்காக இல்லை. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, டிரம் வைத்துச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு அது காசு, மறுக்க மாட்டார்கள். தண்ணீரோ டீசலோ கலந்தால் மட்டும் வாங்கமாட்டார்கள். ஃபில்டரை ஓர் இரவு டின்னில் கவிழ்த்து வைத்தால் அதற்குள் இருக்கும் மிச்சமும் இறங்கிவிடும். காலிக் கேனைக் காயலான் கடைக்குப் போடும் முன் கத்தியால் குறுக்கே ஒரு வெட்டு. நல்ல கேன் முழுசாகப் போனால், அதில் எதையோ நிரப்பி யாரோ யார் தலையிலோ கட்டிவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிந்தினால் உடனே தண்ணீரை அடிக்காதீர்கள். கறை பரவும், ஆழமாக இறங்கும். மரத்தூளோ, காய்ந்த சிமெண்ட்டோ, கையில் கிடைத்தால் கோலமாவோ கொட்டிக் காலால் தேய்த்து, சில மணி நேரம் விட்டுப் பெருக்கி, அதன் பிறகு சோப்புத்தூள். நல்லெண்ணெய்க்குச் சீயக்காய் மாதிரி இதற்கும் ஏதாவது இருக்காதா என்று நான் அதையும் போட்டுப் பார்த்தேன். வாசல் இரண்டு நாள் மணத்தது, கறை அப்படியே இருந்தது.

ஆக, மேலேயே ஃபில்டர் இருந்து, பைப்பும் அடி வரை போகும் கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைப்பம்ப் வாங்கலாம். ஃபில்டர் கீழே, சொந்த வாசல், போல்ட் பக்கவாட்டில் என்றால் ரேம்ப்பும் வால்வும். போல்ட் நேர் அடியில் என்றால் வால்வை மறந்துவிட்டு பழைய முறைப்படி டின்னும் ஃப்ளெக்ஸும். வாடகை வீடு, ஓனர் மாடியில் என்றால் மெக்கானிக்தான், சந்தேகமே வேண்டாம். போன மாதம் நான் மாற்றியபோது மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் ஃப்ளெக்ஸை விரிப்பதும் மடிப்பதும்தான். மறுநாள் காலை கார் நின்ற இடத்தில் போட்டிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன், ஒரு பொட்டு இல்லை. ஜன்னலில் முகமும் இல்லை.